காதல் நகைச்சுவைப் படங்களில் பணக்காரரும் ஏழையும்: கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வசதியான வீட்டுப் பெண், கையில் காசில்லாத பையன், இல்லையென்றால் நேர்மாறு. காதல் நகைச்சுவைக்கு இது வற்றாத கரு. சலிப்பு தட்டுவது எழுதுகிற விதத்தில்தான்.

முதல் தவறு, ஏழை என்று நம்பவைத்தவரைப் பின்னால் பெரிய வீட்டு வாரிசாக்கிவிடுவது. 1936-இல் வந்த 'மை மேன் காட்ஃப்ரே'யிலேயே இது நடந்திருக்கிறது. குப்பைமேட்டிலிருந்து வந்து ஒரு பணக்காரக் குடும்பத்தில் பட்லராகச் சேர்பவர், பிறகு பார்த்தால் பாஸ்டனின் பெரிய குடும்பத்துப் பிள்ளை! படம் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும், அதில் குறையில்லை. ஆனால் பணக்காரி ஏழையோடு வாழ்வாளா என்ற கேள்வி அப்படியே காற்றில் போய்விடுகிறது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு ஃபிராங்க் காப்ரா எடுத்த 'இட் ஹாப்பன்டு ஒன் நைட்'டைப் பாருங்கள். வீட்டை விட்டு ஓடிவந்த கோடீஸ்வரர் மகளோடு வழியெல்லாம் அலைந்த பத்திரிகையாளன், அவள் அப்பாவிடம் வந்து நிற்கிறான். மகளைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு அப்பா அறிவித்த பரிசு 10,000 டாலர். அவன் கேட்பதோ, பட்டியல் போட்டு, கைக்காசு செலவான 39 டாலர் 60 சென்ட். அப்பாவுக்கு அங்கேதான் சந்தேகம் தட்டுகிறது: இவன் மகளைக் காதலிக்கிறானோ? வசனத்தில் சொல்ல முடியாத ரோஷத்தை அந்தச் சில்லறைக் கணக்கு சொல்லிவிடுகிறது. பணம் கதையில் இருந்தால் இப்படித் தொகையாக இருக்கட்டும்.

அடுத்தது, ஒரே ஆள் மட்டும் மாறுவது. ஏழைப் பெண்ணுக்குப் புது உடை, புதுத் தலையலங்காரம், பின்னணியில் ஒரு பாட்டு. நாயகன் மட்டும் அப்படியே இருப்பான். காப்ரா படத்தில் டோநட்டைக் காபியில் தோய்த்துச் சாப்பிடும் வித்தையைப் பணக்காரப் பெண்தான் கற்றுக்கொள்கிறாள். பெர்னார்ட் ஷாவுக்கு இந்த விஷயத்தில் கோபமே உண்டு. 'பிக்மேலியன்' நாடகத்தில் பூ விற்கும் எலிசாவை, அவளுக்கு நாகரிகப் பேச்சு கற்றுக்கொடுக்கும் பேராசிரியரோடு சேர்த்துவைக்க எல்லோரும் துடித்தபோது, அவளை விரும்பும் இளைஞன் ஃபிரெடியைத்தான் அவள் மணப்பாள் என்று 1916-இல் பின்னுரையே எழுதினார். 1938-இல் எடுத்த படம் அவளைப் பேராசிரியர் வீட்டுக்கே திருப்பி அனுப்பியது!

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதும் முக்கியம். முள்கரண்டி பிடிக்கத் தெரியாதவனைக் கிண்டலடிப்பது சுலபம், மலிவும்கூட. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) வேறு வழியில் போகிறது. வேலையைவிட்டு நீக்கப்பட்ட பையன் கோடீஸ்வரர் மகனாக நடிக்கத் தொடங்கியதும், பெண்ணின் அப்பாவாக வரும் பாலையா பணத்துக்காகக் குழைகிறாரே, நாம் சிரிப்பது அந்தக் குழைவைப் பார்த்துத்தான்.

கொடுமைக்கார மாமியார் ஒருத்தியை வைத்து எல்லாப் பழியையும் அவள் தலையில் போடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவள் மனம் மாறியதும் வர்க்கமே ஒழிந்துபோன மாதிரி படம் முடிந்துவிடும்.

நேரத்தை மறப்பதுதான் யாரும் கண்டுகொள்ளாத தவறு. ஹோட்டலில் அறை துடைக்கும் பெண் நாயகனோடு மூன்று நாள் ஊர் சுற்றுகிறாள். அவள் ஷிப்டை யார் பார்த்தார்கள்? சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள்? லீவு கேட்டு அவள் மேனேஜர் முன்னால் நிற்கும் காட்சியை எழுதிப் பாருங்கள். அங்கே சிரிப்பும் கிடைக்கும், அவளுக்கு இந்தக் காதலால் ஆகும் செலவும் தெரியும்.