மீன் தொட்டி விளக்குக்கு ஒரு மோட்டார் லிஃப்ட்

நாலடி தொட்டியின் மேல் விளக்கைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பவர்களுக்குத் தெரியும். செடி நறுக்க, கண்ணாடி தேய்க்க, வலை போட்டு மீன் பிடிக்க, எதற்கும் முதலில் விளக்கைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைக்க வேண்டும். சுவிட்சை அழுத்தினால் விளக்கு ஒன்றரை அடி மேலே போய் நிற்கும்படி வீட்டிலேயே செய்துவிடலாம். சென்னை கொளத்தூரில் தொட்டி வாங்கியவர்கள் அப்படியே ரிச்சி தெருவில் மோட்டாரையும் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கம்பிக்கயிறு, கப்பிகளையும் தேடலாம். சால்டரிங் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

கீழே தண்ணீர், மேலே கரண்ட். அதனால் தூக்குவதைவிட விழாமல் நிறுத்துவதில்தான் கவனம் வேண்டும். பொருள்களையும் அப்படிப் பார்த்தே வாங்குங்கள்.

1. எடையும் மோட்டாரும்

விளக்கை முதலில் எடை போடுங்கள். 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கயிறு சுற்றும் உருளை 3 செ.மீ. விட்டம் என்றால் ஆரம் 1.5 செ.மீ.; தேவைப்படும் முறுக்குவிசை 4 × 1.5 = 6 கிலோ-செ.மீ. கப்பியின் உராய்வையும் சேர்த்து மூன்று மடங்காவது இருக்கட்டும்: 12 வோல்ட், 20 கிலோ-செ.மீ., நிமிடத்துக்கு 10 சுற்று. ஒரு சுற்றுக்கு சுமார் 9.4 செ.மீ. கயிறு ஏறும், 45 செ.மீ. ஏற அரை நிமிடம் ஆகும். இதைவிட வேகமாக ஏறினால் விளக்கு ஆடும்.

வார்ம் கியர் மோட்டார் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண கியர் மோட்டாரில் கரண்ட் நின்றதும் விளக்கின் எடையே உருளையைப் பின்னால் சுற்றிவிடும். வார்ம் கியரில் மோட்டார்தான் தண்டைச் சுற்றும், தண்டால் மோட்டாரைச் சுற்ற முடியாது. கடையிலேயே தண்டைக் கையால் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது.

2. உருளை, கயிறு, கப்பி

லேத் பட்டறையில் நைலான் ராடு கொடுத்து, நடுவில் ஒரு தடுப்பு வைத்து உருளை கடையச் சொல்லுங்கள். தடுப்பின் இருபுறமும் ஒவ்வொரு கயிறு. இரண்டும் ஒரே திசையில், ஒரே உருளையில் சுற்றினால்தான் விளக்கு சாயாமல் ஏறும். முழுக்க இறக்கிய பிறகும் உருளையில் இரண்டு சுற்றுக் கயிறு மிச்சம் இருக்க வேண்டும்.

காசிமேடு, ராயபுரம் பக்கத்து உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கயிறு சீக்கிரமே துருப்பிடிக்கும். 304 தர ஸ்டெயின்லெஸ் கயிறு, 1.5 மி.மீ. போதும். கப்பியும் கொக்கியும் அதே உலோகத்தில் வாங்குங்கள்.

மோட்டார் ஒரு ஓரத்தில். விளக்கின் இரு முனைக்கும் நேர் மேலே ஒவ்வொரு கப்பி. கான்கிரீட் கூரையில் ஆங்கர் போல்ட் அடித்து மாட்டலாம். வாடகை வீடு என்றால் தொட்டி ஸ்டாண்டோடு சேர்த்துச் சதுரக் குழாயில் சட்டம் நிறுத்துங்கள், வீட்டுக்காரரிடம் பேச்சு வராது.

3. ஒயரிங்

கையை எடுத்ததும் தானாக நடுவுக்கு வந்து அணைகிற, ஆறு கால் சுவிட்ச் வேண்டும். நடு இரண்டு கால்களில் 12 வோல்ட் அடாப்டர், அடாப்டரிலிருந்து வரும் ஒரு ஒயரில் 3 ஆம்ப் ஃபியூஸ். ஒரு ஓரத்து இரண்டு கால்கள் மோட்டாருக்கு. எதிர் ஓரத்து இரண்டையும் இவற்றோடு குறுக்காக இணையுங்கள். ஒரு பக்கம் அழுத்தினால் ஏறும், மறுபக்கம் அழுத்தினால் இறங்கும்.

அடுத்தது லிமிட் சுவிட்ச், விளக்கு எல்லைக்கு வந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்துவது. இதை விட்டுவிடாதீர்கள். இரண்டு கப்பிகளுக்கு நடுவே கிடையாக ஓடும் கயிற்றில் ஒரு உலோக மணியை நசுக்கி இறுக்குங்கள். அந்த மணி போய்த் தட்டும்படி, பயண தூரத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு சுவிட்ச். இப்படி வைத்தால் ஒயர் எதுவும் தண்ணீர்ப் பக்கம் இறங்காது.

இரண்டு சுவிட்சுகளையும், தட்டினால் துண்டிக்கும் கால்களில், மோட்டாருக்குப் போகும் ஒரே ஒயரில் வரிசையாக இணையுங்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 1என்5408 டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது), இரண்டும் எதிரெதிர்த் திசையில். சுவிட்ச் துண்டித்தாலும் திரும்பி வருவதற்கான கரண்ட் டயோடு வழியே ஓடும். கயிறு மாட்டாமலே சோதியுங்கள்: ஏறும் பக்கம் ஓடவிட்டு மேல் லிமிட்டை விரலால் அழுத்தினால் மோட்டார் நிற்க வேண்டும், விரலை எடுக்காமலே இறக்கினால் ஓட வேண்டும். நிற்காமல் ஓடினால் அந்த டயோடைத் திருப்பிப் போடுங்கள். கீழ் லிமிட்டையும் இதேபோல் பாருங்கள்.

4. பாரச் சோதனை

விளக்குக்குப் பதில் 8 லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டி ஏற்றுங்கள், தொட்டிக்கு மேல் வேண்டாம், வெறும் தரைக்கு மேல். சுவரில் பென்சில் கோடு போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கோட்டிலேயே நின்றால் விளக்கை மாட்டலாம்.

கயிறு அறுந்தாலும் விளக்கு தண்ணீரைத் தொடக் கூடாது. அதற்கு இரு முனைகளிலும் தனியாகச் சங்கிலி, விளக்கு முழுக்க இறங்கும்போது லேசாகத் தொய்யும் நீளத்தில். விளக்கின் மின் ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு இறங்கி ஏறட்டும். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அந்த இணைப்பில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி அவசியம். லிஃப்ட் இருக்கிறதே என்று பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை பழைய துணியைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பாருங்கள். துணி எங்காவது மாட்டினால் அங்கே ஒரு இழை அறுந்திருக்கிறது; இரண்டு கயிறுகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.