நடுத்தரக் குடும்பத்துக்கு க்ரூஸ் பயணம் கட்டுப்படியாகுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், படிப்படியாக

க்ரூஸ் என்றதும் "அதெல்லாம் நமக்கு எட்டாதுப்பா" என்று பேச்சை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. "மூன்று இரவு, தலைக்கு இவ்வளவுதான்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அன்று மாலையே முன்பணம் கட்டுகிறவர்களும் உண்டு. முழு விலை என்ன என்பதை இரண்டு தரப்புமே பார்ப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறும் குடும்பத்துக்குக் கப்பல் கட்டணம் மொத்தச் செலவில் பாதிகூட வராது. மீதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால், இது கட்டுப்படியாகுமா ஆகாதா என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து நீங்களே முடிவு செய்துவிடலாம்.

இது முதல்முறை போகிறவர்களுக்கு எழுதியது. அப்பா, அம்மா, பள்ளி போகும் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கப்பலுக்கு முன்னால் துறைமுகத்தை முடிவு செய்யுங்கள்

நமக்குப் பக்கத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இந்தியக் கடலோரக் கப்பல். கார்டெலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2021 முதல் மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு, கொச்சி பக்கம் போய்வந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் கிளம்பியது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போனது. எந்த மாதம் எந்த ஊரிலிருந்து என்பது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அந்த வருட அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியத் துறைமுகங்களுக்குள் மட்டும் போகும் பயணம் என்றால் விசா செலவு இல்லை, வெளிநாட்டு விமான டிக்கெட்டும் இல்லை.

இன்னொன்று சிங்கப்பூர். ராயல் கரீபியன் கப்பல்கள், கென்டிங் ட்ரீம், இப்போது டிஸ்னி அட்வெஞ்சர் என்று அங்கே போட்டி இருக்கிறது. போட்டி இருக்கும் இடத்தில்தான் விலை இறங்கும். சென்னை, திருச்சி, கோவையிலிருந்து நேரடி விமானம் உண்டு. டிஸ்னி கப்பலைப் பார்த்ததும் பிள்ளைகள் அதுதான் வேண்டும் என்பார்கள். முதல் பயணத்துக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பெயருக்கென்று தனி விலை இருக்கிறது.

மத்தியதரைக் கடல், கரீபியன் கடல் க்ரூஸ்களின் கட்டணம் சில சமயம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும். நான்கு பேருக்கு அங்கே போய்ச் சேரும் விமான டிக்கெட்டைப் பார்த்தால் அந்த ஆச்சரியம் அடங்கிவிடும்.

படி 2: முழு விலையை ஒரே தாளில் எழுதுங்கள்

கல்யாண மண்டபம் பேசப் போனவர்களுக்கு இது புதிதில்லை. வாடகை ஒன்று சொல்வார்கள். கரண்ட், ஜெனரேட்டர், பாத்திரம், துப்புரவு எல்லாம் சேர்ந்து வரும் பில் வேறாக இருக்கும். க்ரூஸும் அப்படித்தான்.

விளம்பர விலை என்பது "இருவர் தங்கும் கேபினில் தலைக்கு" என்ற கணக்கு. துறைமுகக் கட்டணமும் வரியும் பல சமயம் கடைசிப் பக்கத்தில்தான் சேரும். அதற்கும் மேல் டிப்ஸ். பெரிய அமெரிக்க நிறுவனக் கப்பல்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும். பிள்ளைகளுக்கும் உண்டு.

மாதிரிக்கு ஒரு கணக்குப் போடுவோம். மூன்று இரவு சிங்கப்பூர் க்ரூஸ், அதற்கு முன்னும் பின்னும் சிங்கப்பூரில் ஓர் இரவு, டாலர் 90 ரூபாய். இவை நான் வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் தேதிக்கான விலைகளை இதே வரிசையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல் கட்டணம், துறைமுகக் கட்டணத்துடன், நால்வருக்கு: 1,20,000
டிப்ஸ், 18 டாலர் × 4 பேர் × 3 நாள்: 19,440
விமான டிக்கெட், தலைக்கு 22,000: 88,000
விசா, ஏஜென்ட் கட்டணத்துடன்: 12,000
சிங்கப்பூர் ஹோட்டல், இரண்டு இரவு: 24,000
ஊருக்குள் சாப்பாடு, ரயில், டாக்ஸி: 15,000
பயணக் காப்பீடு: 4,000
கப்பலில் கைச்செலவு: 10,000

கூட்டினால் 2,92,440. மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் கப்பலுக்குப் போவது 1,20,000 மட்டும். கப்பலில் பத்து சதவீதத் தள்ளுபடி கிடைத்தால் 12,000 மிச்சம். மலிவான தேதியில் விமான டிக்கெட் எடுத்துத் தலைக்கு 6,000 குறைத்தால் 24,000 மிச்சம். தள்ளுபடிக் கூப்பனைத் துரத்துவதைவிட நாள்காட்டியைப் புரட்டுவது லாபம்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் பெரியவருக்கு 1,500, பிள்ளைக்கு 1,000 ரூபாய் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் காலாவதியாகிவிடும். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்பதால் இப்போதே எடுத்துப் பாருங்கள்.

படி 3: தேதியைத் தேர்ந்தெடுங்கள் (பணம் மிச்சமாவது இங்கேதான்)

நம் பிள்ளைகளின் விடுமுறையைத்தான் நாம் யோசிப்போம். சிங்கப்பூர்க் கப்பலின் விலையை நிர்ணயிப்பது சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் விடுமுறை. அவர்களுக்கு மார்ச்சில் ஒரு வாரம், ஜூன் மாதம், செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், நவம்பர் பாதிக்குமேல் டிசம்பர் முடிய. இந்த நாட்களில் விலை ஏறும். சீனப் புத்தாண்டு வாரத்திலும் அப்படியே.

நமக்கும் லீவு இருந்து, அவர்களுக்குப் பள்ளி நடக்கும் நாட்களைத் தேடுங்கள். இரண்டு இடங்கள் கிடைக்கும். ஏப்ரல் கடைசியும் மே மாதமும் ஒன்று. அங்கே விடுமுறை தொடங்குவது மே கடைசியில்தான். ஆனால் நம் ஊர் விமான டிக்கெட் அப்போது ஏறியிருக்கும். எனக்குப் பிடித்தது இன்னொன்று: காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் நமக்கு லீவு வரும்போது அவர்களின் ஒரு வார விடுமுறை முடிந்திருக்கும். இதில் இரண்டு சிக்கல்களைக் கவனியுங்கள். அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து சீனாவின் தேசிய தின விடுமுறை வாரம். செப்டம்பர் பாதிக்கும் அக்டோபர் பாதிக்கும் இடையில் ஏதோ ஒரு வாரத்தில் சிங்கப்பூர் ஃபார்முலா 1 கார் பந்தயம் வரும். 2025-இல் அது அக்டோபர் 3 முதல் 5 வரை. அந்த வாரம் ஹோட்டல் அறை விலையைப் பார்த்தால் க்ரூஸ் ஆசையே போய்விடும்.

வார நாட்களில் கிளம்பும் கப்பல் வெள்ளிக்கிழமைக் கப்பலைவிடப் பெரும்பாலும் மலிவு. ஆபீஸில் இரண்டு நாள் கூடுதல் லீவு கேட்க முடிந்தால் கேளுங்கள்.

படி 4: கேபின்

ஜன்னல் இல்லாத உள் கேபின் போதும். தூங்கவும் குளிக்கவும் மட்டும்தான் அங்கே போவீர்கள்; கடலைப் பார்க்க மேல்தளம் முழுக்க இடம் இருக்கிறது. பால்கனிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை விமான டிக்கெட்டில் போடலாம். எந்தக் கேபின் என்பதை நிறுவனமே பிறகு ஒதுக்கும் "கேரண்டி" வகை இன்னும் மலிவு. கடல் நோய்க்குப் பயப்படுகிறவர்கள் மட்டும் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மலாக்கா நீரிணை பொதுவாக அலை குறைந்த பகுதி.

குடும்பங்களுக்கு உண்மையான ஆதாயம் மூன்றாவது, நான்காவது படுக்கையில் இருக்கிறது. ஒரே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளாக வருகிறவர்களுக்குக் கட்டணம் குறைவு. சில சலுகைகளில் பிள்ளைகளுக்குக் கட்டணமே இருக்காது. "இலவசம்" என்று போட்டிருந்தாலும் துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் உண்டு. அதனால் தலைக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். "நாங்கள் நான்கு பேர், பிள்ளைகளின் வயது இது, எல்லாம் சேர்த்து ஒரு கேபினுக்கு மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று டிராவல்ஸில் இதே கேள்வியைக் கேட்டால் ஒப்பிடுவது சுலபம்.

தாத்தா பாட்டியையும் கூட்டிப்போனால் யோசிக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது படுக்கை பெரும்பாலும் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல் படுக்கை. ஏணியில் ஏற வேண்டும். வயதானவர்களுக்குத் தனிக் கேபின் போடுங்கள். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கைக்குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கப்பல்களில் விதி. கர்ப்பிணிகளை 24-வது வாரம் தொடங்கிவிட்டால் ஏற்ற மாட்டார்கள்.

படி 5: சேமிப்பைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

மூன்று லட்சத்தை 24 மாதத்தால் வகுத்தால் மாதம் 12,500. ஆனால் பயண நாளில் பணம் கையில் இருந்தால் போதாது. கப்பல் கட்டணத்தின் பாக்கியைப் பொதுவாகக் கிளம்புவதற்கு 75 முதல் 90 நாட்களுக்கு முன்பே கட்டச் சொல்வார்கள். விமான டிக்கெட்டும் ஏறக்குறைய அப்போதுதான் எடுப்பீர்கள். ஆக, சேமிக்க உங்களுக்குக் கிடைப்பது 21 மாதம். மாதத்துக்குச் சுமார் 14,300.

வங்கியில் 21 மாத ஆர்.டி. போடுங்கள். சம்பளம் வந்த மறுநாளே பிடித்தம் ஆகும்படி வையுங்கள். சீட்டுப் போடுகிற பழக்கம் இருந்தால் பதிவு செய்யப்பட்ட சீட்டு நிறுவனத்தில் மட்டும் போடுங்கள். தீபாவளி போனஸில் ஒரு பகுதியை ஒதுக்கினால் மாதத் தவணை இறங்கும். 14,300 மலைப்பாக இருந்தால் காலத்தை மூன்று வருடமாக நீட்டுங்கள், அல்லது படி 1-க்குத் திரும்பி இந்தியக் கடலோரக் கப்பலின் விலையைப் போட்டுப் பாருங்கள்.

கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்பது மட்டும் வேண்டாம். பாக்கி வைத்தால் பல கார்டுகளில் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி. பயணக் கடனும் வேண்டாம். மூன்று இரவுக்காக மூன்று வருடம் தவணை கட்டுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஆபீஸில் எல்.டி.ஏ. (விடுமுறைப் பயணப் படி) இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு: அதற்கான வரிவிலக்கு இந்தியாவுக்குள் போகும் பயணத்துக்கு மட்டுமே.

படி 6: பதிவு

பாக்கித் தொகை கட்டும் நாள் வரை விலையைக் கவனித்துக்கொண்டே இருங்கள். அதே கேபின் விலை குறைந்தால், புது விலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். டெபாசிட் திரும்பக் கிடைக்கும் வகையா இல்லையா என்பதைப் பொறுத்து மாற்றித் தருவார்கள். டெபாசிட் கட்டுமுன் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் நமக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. இனிஷியல், அப்பா பெயர், குடும்பப் பெயர் கட்டம் காலி என்று ஒரே வீட்டில் நான்கு பாஸ்போர்ட்டும் நான்கு விதமாக இருக்கும். விமான டிக்கெட், விசா, கப்பல் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்.

சிங்கப்பூர் விசாவை அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாக எடுங்கள். கப்பல் மலேசியா போய்த் திரும்பும்போது மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைவீர்கள், அதனால் பலமுறை நுழையும் விசாவாக இருக்கட்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை அரசு இணையதளத்தில் இலவசமாகவே நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, முந்தின நாளே போய்ச் சேருங்கள். அங்கே மரினா பே, ஹார்பர்ஃபிரண்ட் என்று இரண்டு முனையங்கள் உள்ளன. டாக்ஸி ஏறுமுன் எது என்று பாருங்கள்.

படி 7: கப்பலில் கையைக் கட்டுங்கள்

முக்கிய உணவகம், பஃபே, நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சிகள், மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான விளையாட்டு அறை ஆகியவை பொதுவாகக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். வைஃபை, குளிர்பானம், தனிச் சிறப்பு உணவகங்கள், ஸ்பா, போட்டோ எல்லாம் தனி. இந்தியச் சைவச் சாப்பாடு சிங்கப்பூர்க் கப்பல்களில் கிடைக்கும், பதிவின்போதே சொல்லிவிடுங்கள். வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோகக் கூடாது. எலக்ட்ரிக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் எடுத்துப்போனால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கதவைத் திறக்கும் அட்டையே பணமாகவும் வேலை செய்யும். பிள்ளைகள் வீடியோ கேம் அறையில் அதைத் தேய்த்துக்கொண்டே போவார்கள். ஏறியவுடன் விருந்தினர் சேவை மேசைக்குப் போய், பிள்ளைகளின் அட்டையில் செலவு வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். போனைக் கப்பல் கிளம்புமுன் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செல்போன் வலையில் தொற்றிக்கொண்டால் பில் பயங்கரமாக வரும். கார்டு கொடுக்கும்போது ரூபாயிலா கப்பல் நாணயத்திலா என்று கேட்டால், கப்பல் நாணயம் என்று சொல்லுங்கள்.

கப்பல் நிற்கும் ஊரைச் சுற்றிப் பார்க்கும் கரைச் சுற்றுலாவைக் கப்பலில் வாங்குவதா என்பது துறைமுகத்தைப் பொறுத்தது. மலேசியாவின் பினாங்கில் வேண்டவே வேண்டாம். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் நடக்கும் தூரம்தான். குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோவில், அதைச் சுற்றி லிட்டில் இந்தியா, தமிழில் விலை கேட்டு வாங்கலாம். நகருக்குள் இலவசப் பேருந்தும் ஓடுகிறது. இன்னொரு மலேசியத் துறைமுகமான போர்ட் கிளாங் வேறு மாதிரி. கோலாலம்பூர் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல், நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். அந்த நாளில் கப்பலிலேயே இருந்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் இறங்கிப் போயிருப்பார்கள், நீச்சல் குளம் காலியாக இருக்கும்.

கடைசி இரவு, டிவியிலோ செயலியிலோ உங்கள் கணக்கைத் திறந்து வரிக்கு வரி பாருங்கள். நீங்கள் வாங்காத ஏதாவது இருந்தால் அன்று இரவே மேசையில் சொல்லுங்கள். காலையில் அங்கே பெரிய வரிசை நிற்கும்.

படி 8: ஊர் திரும்பியபின்

இந்திய ஏஜென்டிடம் வெளிநாட்டுப் பேக்கேஜாக வாங்கியிருந்தால் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடித்திருப்பார்கள். அது செலவில்லை, உங்கள் பெயரில் கட்டிய முன்கூட்டிய வரி. வீட்டில் யார் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறார்களோ அவருடைய பான் எண்ணைப் பதிவின்போதே கொடுத்திருந்தால், தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். வருமான வரி இணையதளத்தில், உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் படிவத்தில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் ஏஜென்டுக்கு ரசீதுடன் மெயில் போடுங்கள்.