தங்க வேட்டைக் காலத் தனியார் தபால்: உங்கள் முதல் கவரைப் படிப்பதும் வாங்குவதும்

கலிபோர்னியாவில் கொலோமா என்ற இடத்தில் 1848 ஜனவரி 24 அன்று தங்கம் கண்டார்கள். அடுத்த வருடமே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுடைய ஊர்க் கடிதங்கள் கப்பலில் சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் வந்தன. அதற்குமேல் மலைக்குள் போக வழியில்லை. சுரங்கத்தில் இருப்பவர் ஒரு கடிதத்துக்காகப் பல நாள் வேலையை விட்டு நகரத்துக்கு வந்து, தபால் அலுவலகத்தின் நீண்ட வரிசையில் நிற்க வேண்டும். அவர் பெயருக்குக் கடிதம் வந்திருக்கிறதா என்பதே நின்ற பிறகுதான் தெரியும்.

1849இல் அலெக்சாண்டர் டாட் என்பவர் இதற்கு ஒரு வழி செய்தார். சுரங்க முகாம்களில் பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டு நகரத்துக்குப் போய், கடிதங்களை எடுத்துவந்து கொடுத்தார். கட்டணம் கடிதத்துக்கு ஒரு அவுன்ஸ் தங்கத் தூள், அதாவது 16 டாலர். கிழக்குக் கரையிலிருந்து கலிபோர்னியா வரை கடிதத்தைக் கொண்டுவர அரசாங்கம் வாங்கியது 40 சென்ட்தான். அப்படியும் தயங்காமல் கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து வரும் ஒரு தாளுக்கு மனிதர்கள் எவ்வளவு ஏங்குவார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. இந்தக் கவர்களைச் சேர்க்க ஆரம்பித்ததே அதனால்தான்.

தபால்தலை சேகரித்துப் பழகியவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நாம் சேர்ப்பது தலையை மட்டும் அல்ல, முழு உறையை. அந்தக் காலத்து உறைகள் பலவற்றிலிருந்து தலைப் பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டியவுடன் கம்பெனி அச்சும் ஊர் முத்திரையும் முகவரியும் போய்விடும். அப்படி வெட்டிய துண்டு நமக்குப் பயன்படாது.

முதல் படி: இரண்டு கட்டணத்தைப் பிரித்துப் பார்ப்பது

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கடிதம் கொண்டுபோவது அமெரிக்காவில் அரசின் தனியுரிமை. ஆனால் 1852 ஆகஸ்டில் வந்த சட்டம் ஒரு வழி திறந்தது: அரசு முத்திரைத்தலை அச்சிட்ட உறைக்குள் வைத்தால், கடிதத்தைத் தபால் துறைக்கு வெளியேயும் கொண்டுபோகலாம். அந்த உறைகள் 1853இல் விற்பனைக்கு வந்தன. நியூயார்க்கின் நெஸ்பிட் நிறுவனம் தயாரித்ததால் சேகரிப்பாளர்கள் அவற்றை ‘நெஸ்பிட்’ என்றே சொல்வார்கள்.

கடிதங்களைக் கொண்டுசேர்த்த தனியார் நிறுவனங்களான எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் இந்த உறைகளை மொத்தமாக வாங்கி, அவற்றின் மேல் தங்கள் பெயரையும் அச்சடித்து, கூடுதல் விலைக்கு விற்றன. அந்தக் கம்பெனி அச்சுக்குப் பெயர் ‘ஃபிராங்க்’. ஆக, உறை வாங்கியவர் அரசுக்கு 3 சென்ட் கட்டினார், கம்பெனிக்குத் தனியாகவும் கட்டினார். அரசாங்கம் அந்தக் கடிதத்தைக் கையால்கூடத் தொடவில்லை, ஆனாலும் அதன் காசு அதற்குப் போய்விட்டது. கம்பெனி ஆள் வேகமாகவும் நம்பிக்கையாகவும் கொண்டுசேர்த்ததால் மக்கள் இரண்டையும் கட்டினார்கள்.

இரண்டாம் படி: ஒரு கவரைக் கையில் எடுத்துப் படிப்பது

என்னிடம் உள்ள முதல் கவரையே எடுத்துக்கொள்வோம். மங்கிய பழுப்புத் தாள். வலது மேல் மூலையில் சிவப்பு முட்டை வடிவத்துக்குள் வாஷிங்டனின் தலை வெள்ளையாகப் புடைத்து நிற்கிறது. விரலை மெல்ல வைத்தால் மூக்கும் தாடையும் தட்டுப்படும். அதுதான் அரசின் 3 சென்ட். உறையின் மேல் ஓரமாகக் கறுப்பு மையில் ஃபிராங்க்: ‘கட்டணம் செலுத்தப்பட்டது, வெல்ஸ் ஃபார்கோ அண்ட் கோ, எங்கள் கலிபோர்னியா, கடற்கரை வழித்தடங்களில்’. சிவப்புத் தலையின் மேலேயே நீல மையில் ஒரு நீள்வட்ட முத்திரை. அதில் கம்பெனி பெயர், சொனோரா என்ற ஊர்ப் பெயர், மாதம், தேதி. வருடம் இல்லை. முகவரி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வியாபாரிக்கு.

இப்போது எது இல்லை என்று பாருங்கள். அரசு தபால் அலுவலகத்தின் வட்ட முத்திரை எங்குமே இல்லை. அப்படியென்றால் சொனோராவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை முழு வழியும் கம்பெனியின் கையிலேயே போயிருக்கிறது. இரண்டு முத்திரையும் இருந்தால் வேறு கதை: கம்பெனி பாதி வழி கொண்டுபோய், அப்புறம் அரசுத் தபாலில் சேர்த்திருக்கிறது. நியூயார்க் போகும் கடிதங்களில் இதைப் பார்க்கலாம். அவற்றில் 3 சென்ட் இருக்காது. 1855 ஏப்ரலிலிருந்து 3,000 மைலுக்கு மேல் 10 சென்ட் என்பதால் பச்சை நிறத் தலை இருக்கும். 1863 ஜூலையில் தூர வித்தியாசம் போய், எங்கும் 3 சென்ட் ஆனது.

மூன்றாம் படி: வருடத்தைக் கண்டுபிடிப்பது

முத்திரையில் வருடம் இல்லாத கவர்கள் நிறைய வரும். அதற்கு மூன்று வழிகளை நம்பலாம். முதலாவது உறையின் நிறம். 3 சென்ட் நெஸ்பிட் 1853இலிருந்து சிவப்பு. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல், தென் மாநிலங்கள் பழைய இருப்பைப் பயன்படுத்தக்கூடாது என்று அவற்றைச் செல்லாதவையாக்கி, இளஞ்சிவப்பில் புதிய உறை வெளியிட்டார்கள். 1870இல் வேறு நிறுவனம் ஒப்பந்தம் பெற்றபோது 3 சென்ட் பச்சை ஆனது. தொலைதூர மேற்கில் பழைய உறைகள் கொஞ்ச காலம் தாமதமாகவும் ஓடின. அதனால் நிறம் சொல்வது ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்பதை மட்டும்தான்.

இரண்டாவது, கம்பெனியின் ஆயுள். ஆடம்ஸ் அண்ட் கோ மிகப் பெரிய கம்பெனியாக இருந்து 1855 பிப்ரவரி வங்கி நெருக்கடியில் விழுந்தது. அதன் முத்திரை இருந்தால் கவர் அதற்கு முந்தையது. வெல்ஸ் ஃபார்கோ 1852இல் சான் பிரான்சிஸ்கோவில் கடை திறந்து, அந்த நெருக்கடியைத் தாண்டி நின்று, 1895 வரை கடிதம் சுமந்தது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. உறையின் இடது ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். கடிதம் பெற்ற வியாபாரிகள் அங்கே பேனாவால் அனுப்பியவர் பெயர், வந்த தேதி, பதில் எழுதிய தேதி என்று குறித்துவைப்பார்கள். பல கவர்களில் வருடம் இருப்பது அந்த ஒரு வரியில் மட்டும்தான். அது அழுக்கு மாதிரித் தெரியும். தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

நான்காம் படி: முதல் கவரை வாங்குவது

குதிரைத் தபாலான போனி எக்ஸ்பிரஸ் கவரிலிருந்து தொடங்க ஆசை வரும். வேண்டாம். அது 1860 ஏப்ரல் 3இலிருந்து 1861 அக்டோபர் வரை மட்டுமே ஓடியது, கண்டத்தின் குறுக்கே தந்திக் கம்பி இணைந்தவுடன் நின்றுவிட்டது. மிஞ்சியிருப்பவை சில நூறு கவர்கள்தான், விலை எட்டாது. அதற்காக வெல்ஸ் ஃபார்கோ வெளியிட்ட, குதிரைவீரன் படம் போட்ட தபால்தலைகளுக்கும் போலிகள் ஏராளம்.

அதற்குப் பதிலாக, 3 சென்ட் நெஸ்பிட்டில் வெல்ஸ் ஃபார்கோ ஃபிராங்க் உள்ள ஒன்றை வாங்குங்கள். அவை நிறையவே மிஞ்சியிருக்கின்றன, விலையும் தாங்கக்கூடியது. சான் பிரான்சிஸ்கோ முத்திரையைவிடச் சுரங்க ஊர் முத்திரை உள்ளதைத் தேடுங்கள்: பிளேசர்வில், டவுனிவில், கிராஸ் வேலி, கொலம்பியா. கலிபோர்னியாவின் 49ஆம் எண் நெடுஞ்சாலையை வரைபடத்தில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தால் இந்த ஊர்களில் பலவும் வரிசையாக வரும். அந்தச் சாலைக்கு அந்த எண் வந்ததே 1849இல் தங்கம் தேடி வந்தவர்களின் நினைவாகத்தான்.

காசு கொடுப்பதற்கு முன் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் முத்திரையின் மையைப் பாருங்கள். நூற்றைம்பது வருடத்து மை தாளின் நார்களுக்குள் இறங்கியிருக்க வேண்டும், மேலே பளபளவென்று உட்கார்ந்திருக்கக்கூடாது. புற ஊதா விளக்கில், அழிக்கப்பட்ட பேனா எழுத்தும் பின்னால் ஒட்டிய புதுத் தாளும் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், கதை பொருந்துகிறதா என்பது. ஆரம்பத்தில் நான் ஒரு விற்பனையாளரிடம், உள்ளே 1857 தேதியிட்ட கடிதத்துடன் ஒரு கவரை ஆசையாக வாங்கினேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் உறை இளஞ்சிவப்பு. 1857இல் அந்த உறையே பிறக்கவில்லை. இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒன்றாகச் சேர்த்து விற்றிருக்கிறார்கள். அன்றிலிருந்து நிறத்தைப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

பெரிய தொகை போடுவதாக இருந்தால், நியூயார்க்கின் ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் மாதிரியான அமைப்பின் சான்றிதழ் கேளுங்கள். 1950இல் தொடங்கிய வெஸ்டர்ன் கவர் சொசைட்டி முழுக்க இந்தத் துறைக்கென்றே இருப்பது. சீகல் ஏல நிறுவனத்தின் பழைய பட்டியல்களை இணையத்தில் படங்களோடு பார்க்கலாம். வாங்குவதற்கு முன் ஒரு மாதம் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழகிவிடும்.

ஐந்தாம் படி: வைத்துக்கொள்வது

மைலார் என்ற தெளிவான பாலியஸ்டர் உறையில் போட்டு, அமிலம் இல்லாத தாளில் வையுங்கள். சாதாரண பிவிசி பிளாஸ்டிக், செலோ டேப், பசை, லாமினேஷன் எதுவும் கிட்டே வரக்கூடாது. பக்கத்தில் ஒரு தாளில் நீங்கள் கண்டுபிடித்ததை நான்கு வரி எழுதிவையுங்கள்: எங்கிருந்து எங்கே, யார் கொண்டுபோனது, அரசுக்கு எவ்வளவு, வருடம் எப்படித் தெரிந்தது.

பத்துக் கவர் சேர்ந்த பிறகு சின்னக் கம்பெனிகளின் பக்கம் போகலாம். வெல்ஸ் ஃபார்கோ அலுவலகம் இல்லாத முகாம்களிலிருந்து, லாங்டன், எவர்ட்ஸ் போன்றவர்கள் கடிதங்களைக் கொண்டுவந்து பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். ஒரே உறையில் இரண்டு கம்பெனிகளின் முத்திரை இருக்கும், சில சமயம் இரண்டு தேதியும் இருக்கும். அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். மலை முகாமிலிருந்து சமவெளிக்கு அந்தக் கடிதம் இறங்கி வந்த நேரம் அதுதான்.