தங்கம் எங்கும் போய்விடாது: சுத்திகரிப்பைப் பொழுதுபோக்காகத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சர்க்யூட் போர்டின் மஞ்சள் விளிம்பைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது, "இதை எந்த அமிலத்தில் போட்டால் தங்கம் வரும்?" என்ற கேள்விதான். அமிலம் வாங்குவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அதை முதலில் செய்துவிட்டால், மற்ற தவறுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து சேரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் புகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்த முடியாது. நைட்ரிக் அமிலம் செம்பைத் தொட்டதும் பீக்கரின் வாயிலிருந்து செம்பழுப்புப் புகை எழும். அது நைட்ரஜன் டைஆக்சைடு. சுவாசித்த நேரத்தில் லேசான இருமலோடு முடிந்ததுபோலத் தெரியும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் இரவில் படுத்த பிறகு, நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். புகையை இழுத்துவிட்டால் "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஜன்னலைத் திறந்து வைப்பது போதாது. சமையலறையும் குளியலறையும் இந்த வேலைக்கான இடமே அல்ல. முறையான புகைபோக்கிப் பெட்டி வேண்டும். அது இல்லையென்றால் ஆட்கள் நடமாட்டம் இல்லாத திறந்தவெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்ய வேண்டும். முகக்கவசம் போட்டிருந்தாலும் இந்தக் காற்றோட்டம் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்த தவறு, கணக்குப் போடாமல் பொருள் சேர்ப்பது. தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். 1 மைக்ரான் தடிமனில் பூசியிருந்தால் 1 கிராம் தங்கத்துக்குச் சுமார் 520 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். சாதாரண போர்டுகளில் பளபளக்கும் பூச்சு பெரும்பாலும் 0.05 மைக்ரான் அளவில்தான் இருக்கும். அப்படியென்றால் அதே 1 கிராமுக்கு ஒரு சதுர மீட்டர் பூச்சுப் பரப்பு தேவை. கார்டுகளின் விளிம்பில் இருக்கும் 'கோல்டு ஃபிங்கர்' பகுதியில் பூச்சு தடிமனாக இருப்பதால், தொடங்குபவர்களுக்கு அது நல்ல பொருள். போர்டை எரித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அந்தப் பிசினிலிருந்து வரும் புகை கொடிய நஞ்சு. சில மின்சாதனப் பாகங்களில், தூசியாகச் சுவாசித்தால் நஞ்சாகும் பெரிலியம் என்ற உலோகம் இருக்கும். என்னவென்று தெரியாத வெள்ளைப் பீங்கான் துண்டை உடைக்கவோ அரைக்கவோ கூடாது.

சரி, பொருள் கையில் இருக்கிறது. இப்போது எல்லாவற்றையும் அள்ளி ராஜதிராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலங்களின் கலவை) போடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. தங்கத்தைக் கரைக்கும் திராவகம் செம்பையும் நிக்கலையும் இரும்பையும் அதற்கு முன்பே கரைக்கத் தொடங்கிவிடும். அமிலம் அதிலேயே தீர்ந்துபோகும். கரைந்த தங்கமும், கரையாமல் மிச்சமிருக்கும் செம்பின் மேல் திரும்பவும் கரும்பொடியாகப் படிந்துவிடும். ஈயப்பற்றில் இருக்கும் வெள்ளீயமோ நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து கஞ்சிபோல ஒரு வெள்ளைக் கூழாகி வடிதாளை அடைத்துக்கொள்ளும். மட்டமான உலோகங்களை முதலில் வெளியேற்றி, தங்கத்தைக் கடைசியில் கரைப்பதுதான் சரியான வரிசை.

நகைத் துண்டுகளுக்கு வேறு கணக்கு. வெள்ளி அதிகமாகக் கலந்த தங்கத்தை நேராக ராஜதிராவகத்தில் போட்டால் மேலே வெள்ளி குளோரைடு தோல்போல மூடிக்கொள்ளும், உள்ளே அமிலம் இறங்காது. தங்கம் நாலில் ஒரு பங்காக வரும்படி வெள்ளியைச் சேர்த்து உருக்கி, அதை நைட்ரிக் அமிலத்தில் பிரிப்பது பழைய வழக்கம். 10 கிராம் 18 கேரட் துண்டில் தங்கம் 7.5 கிராம். அதோடு 20 கிராம் வெள்ளி சேர்த்தால் மொத்தம் 30 கிராம், தங்கம் சரியாகக் கால் பங்கு. நைட்ரிக்கில் வெள்ளியும் செம்பும் கரைந்துபோக, பழுப்பு நிறத்தில் தங்கம் மட்டும் நிற்கும்.

இப்போது நைட்ரிக்கின் அளவுக்கு வருவோம். 'ஹைட்ரோகுளோரிக் நாலு பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு' என்ற சூத்திரத்தை அப்படியே கலந்து ஊற்றுகிறார்கள். தங்கம் கரைந்த பிறகும் மிச்சமிருக்கும் நைட்ரிக், பின்னால் தங்கத்தைப் பொடியாகப் படியவைக்கப் போடுகிற சோடியம் மெட்டாபைசல்பைட்டைத் தின்றுகொண்டே இருக்கும். படிய வேண்டிய தங்கமும் மறுபடி கரைந்துவிடும். எவ்வளவு போட்டாலும் ஒன்றும் இறங்கவில்லையே என்று பதறி, இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவார்கள். பதறாத காரியம் சிதறாது என்பது இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தங்கத்தை மூழ்கவைத்து, மெல்லச் சூடேற்றி, நைட்ரிக்கைச் சில துளிகளாக மட்டும் விட வேண்டும். நுரைப்பது அடங்கிய பிறகும் தங்கம் மிச்சமிருந்தால்தான் அடுத்த சில துளி. கூடிப்போய்விட்டால் கொதிக்கவிடாமல் மெதுவாக வற்றவைக்கலாம், அல்லது சல்ஃபாமிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

திராவகத்தில் தங்கம் இருக்கிறதா என்பதை நிறத்தை வைத்துச் சொல்லக் கூடாது. செம்பின் பச்சை, தங்கத்தின் மஞ்சளை முழுக்க மறைத்துவிடும். அதற்கு ஸ்டானஸ் குளோரைடு வேண்டும்: சிறு துண்டு வெள்ளீயத்தை ஹைட்ரோகுளோரிக்கில் கரைத்தால் கிடைப்பதுதான். வெள்ளைத் தாளில் திராவகம் ஒரு துளி, அதன் மேல் இது ஒரு துளி. தங்கம் இருந்தால் கண்ணெதிரே நாவல்பழக் கறைபோல ஊதா படரும். அதிகம் இருந்தால் கறுப்பாகவே ஆகிவிடும். ஊதா வந்து உடனே மறைந்தால் நைட்ரிக் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கரைசல் நாள்பட்டால் வீரியம் இழக்கும். தங்கம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு துளியில் சோதித்த பிறகே அதன் பதிலை நம்புங்கள். இந்த ஒரு சோதனையைக் கற்காமல் யாரும் தொடங்கக் கூடாது என்பேன்.

படியும் தங்கம் மின்னாது. மெட்டாபைசல்பைட் போட்டாலும், அதற்குப் பதிலாக அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்) போட்டாலும் வருவது ஈர மண்ணைப்போன்ற பழுப்பு வண்டல்தான். அழுக்கு என்று நினைத்துக் கொட்டியவர்கள் உண்டு. ஓர் இரவு அசையாமல் விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுத்து, அதையும் சோதித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கரைந்த தங்கம் எங்கும் போய்விடாது. 1940இல் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, ஹெவெசி என்ற வேதியியலாளர் மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் இருவரின் நோபல் பதக்கங்களையும் ராஜதிராவகத்தில் கரைத்து அலமாரியில் வைத்துவிட்டார். போர் முடிந்து வந்து பார்த்தபோது திராவகம் அப்படியே இருந்தது. அந்தத் தங்கத்தைப் பிரித்தெடுத்து மறுபடி பதக்கங்கள் வார்த்தார்கள். உங்கள் பீக்கருக்கும் அதே விதிதான். எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டி வையுங்கள். தங்கம் எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை எதையும் கொட்டாதீர்கள். பீக்கருக்கு அடியில் எப்போதும் ஒரு தட்டம் இருக்கட்டும். எனக்கு ஒருமுறை சூட்டில் பீக்கரின் அடி விரிசல் விட்டு, திராவகம் முழுவதும் தட்டத்தில் இறங்கி நின்றது. ஒரு துளிகூடப் போகவில்லை.

தங்கம் கரைந்த திராவகத்தில் அம்மோனியாவைக் கலக்கவே கூடாது. அதில் உண்டாகும் சேர்மம் உலர்ந்ததும் லேசான உரசலில் வெடிக்கும். ப்ளீச்சிங் திரவத்தை ஹைட்ரோகுளோரிக்கோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். பாதரசம், சயனைடு இரண்டையும் பொழுதுபோக்குக்காரர்கள் தொடவே வேண்டாம்.

மீந்த திராவகத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் செம்பு நீர்வாழ் உயிர்களைக் கொல்லும். ஒரு பழைய செம்புத் துண்டைப் போட்டு வைத்தால் தப்பிய தங்கம் அதன் மேல் படியும். அப்புறம் இரும்பைப் போட்டுச் செம்பை இறக்கி, காரம் சேர்த்து மிச்ச உலோகங்களையும் படியவைத்து, அந்தக் கசடை அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

கடைசியில் உருக்குவது. ஈரப்பொடியின் மேல் தீயைக் காட்டினால் அது தெறித்துப் பறக்கும். நன்றாக உலர்த்தி, வெண்காரம் பூசிய மூசையில், முதலில் மெல்லிய தீயில் சூடேற்றி, 1,064 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக வேண்டும். துளிகள் ஓடிவந்து ஒன்றுசேரும். மூசையிலேயே ஆறவிட்டுப் பாருங்கள். தூய தங்கம் உறையும்போது சுருங்கி நடுவில் ஒரு குழி விழும், சுற்றிலும் முகம் பளிச்சென்று இருக்கும். மேலே ஆடைபோல ஏதாவது படர்ந்திருந்தால் இன்னும் கலப்பு இருக்கிறது. அதை மறுபடி கரைத்து, மறுபடி இறக்க வேண்டும்.