பழைய செஸ்னாவை விற்கப் போகிறீர்களா? முதலில் லாக் புக்கைத் தேடுங்கள்

மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் மாடு வாங்க வருகிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். விமானத்துக்குப் பல் அதன் லாக் புக்தான், அதாவது ஓடிய மணிநேரத்தையும் செய்த பழுதையும் பதிந்து வைக்கும் ஏடு. பாளையங்கோட்டை மாமாவின் செஸ்னா 172-ஐ விற்க அவரோடு ஒன்றரை வருடம் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நாலு பேர் உட்காரும் ஒற்றை இன்ஜின் விமானம், 1970களில் செய்தது.

படி 1: காகிதம்

விமான உடல், இன்ஜின், புரொப்பெல்லர் மூன்றுக்கும் தனித்தனி லாக் புக் உண்டு. தேதி விடுபடாமல் அடுக்கி வையுங்கள். டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) பதிவுச் சான்று, பறக்கத் தகுதிச் சான்று, ரேடியோ உரிமம், காப்பீடு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

படி 2: விலை

"ஓவர்ஹாலுக்கு அப்புறம் 400 மணிநேரம்தான் ஓடியிருக்கு" என்று மாமா பெருமையாகச் சொல்வார். ஓவர்ஹால் என்றால் இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்து பூட்டுவது. ஓவர்ஹால் செய்து 15 வருடம் ஆனதைச் சொல்ல மாட்டார். இந்த வகை லைகமிங் இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஓவர்ஹால் கெடு 2,000 மணிநேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அது. ஓடாமல் நின்ற இன்ஜின் உள்ளே துருப்பிடிக்கும். ஆகவே, குறைவாக ஓடியது என்பதற்காக விலையை ஏற்றாதீர்கள்.

படி 3: கழுவிவிட்டு உற்றுப் பாருங்கள்

நம் பக்கம் உப்புக் காற்று. ரிவெட் வரிசையில் பெயின்ட் கொப்புளித்திருந்தால் நகத்தால் கீறுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அலுமினியம் அரிக்கிறது. இறக்கைக்கு அடியில் நீலக் கறை தெரிந்தால் பெட்ரோல் கசிகிறது. விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். வேகம் காட்டும் பீட்டோ குழாயையும் பாருங்கள். எங்களுடையதில் குளவி மண்கூடு கட்டியிருந்தது!

படி 4: குறையை நீங்களே சொல்லுங்கள்

முதலில் வந்தவர் தன் இன்ஜினியரோடு வந்தார். அந்த இன்ஜினியர் விரல் முட்டியால் இடது இறக்கை நுனி வரை தட்டிக்கொண்டே போனார். டங், டங், டொக். நின்றுவிட்டார். பெயின்ட்டுக்கு அடியில் பட்டி. "இது எப்ப அடிபட்டது சார்?" மாமா என் முகத்தைப் பார்த்தார். லாக் புக்கில் அந்தப் பழுது ஏறவே இல்லை. டீயைக் குடித்துவிட்டு, போன் பண்ணுகிறேன் என்று போனவர்தான். "சவத்தத் தள்ளுல மருமவனே, இன்னொருத்தன் வருவான்" என்றார் மாமா. வந்தார்தான், ஒரு வருடம் கழித்து. அதற்குள் பட்டியைப் பெயர்த்து, உரிமம் பெற்ற இன்ஜினியரைக் கொண்டு முறையாகச் சரிசெய்து பதிவும் போட்டிருந்தோம். அந்தப் பக்கத்தை நாங்களே முதலில் திறந்து காட்டினோம்.

படி 5: கைமாற்றம்

முன்பணம் வாங்காமல் யாரையும் ஏற்றிப் பறக்காதீர்கள். சோதனைப் பறப்புக்கு உங்கள் பைலட், பெட்ரோல் செலவு வாங்குகிறவருடையது. பரிசோதனைக் கூலியும் வாங்குகிறவர் தலையில்தான். முழுப் பணம் கணக்கில் ஏறிய பிறகு விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து. அப்புறம் டி.ஜி.சி.ஏ.வில் பெயர் மாற்றம். புதுப் பதிவுச் சான்றை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை காப்பீட்டை ரத்து செய்யாதீர்கள்.