படிப்பு ஒருவருக்கு, வெளிநாடு இருவருக்கும்

என் மனைவிக்கு மெல்பேர்னில் மாஸ்டர்ஸ் கிடைத்தபோது, திருகோணமலையில் எல்லாரும் அவளுடைய படிப்பைப் பற்றியே கதைத்தார்கள். கூடப் போகிற நான் அங்கே என்ன செய்யப்போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நாட்டைத் தெரிவு செய்யும் முன்பே துணைக்கான விதிகளைப் பாருங்கள். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் வகுப்புவழி (அதாவது ஆராய்ச்சி அல்லாத) மாஸ்டர்ஸ் படிப்பவர்கள் பெரும்பாலும் துணையைக் கூட்டிப்போக முடியாது. அமெரிக்காவுக்கு, மாணவரின் துணைக்குத் தரும் எஃப்-2 விசாவில் போகலாம், ஆனால் வேலை செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவில் வகுப்புவழி மாஸ்டர்ஸ் மாணவருக்குப் படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம்தான் வேலை, துணைக்கோ படிப்பு தொடங்கிய பிறகு அந்த வரம்பே இல்லை. அதனால் எங்கள் வீட்டில் வாடகை என் தலையில் விழுந்தது! நீங்கள் பிறகுதான் போவதென்றாலும் படிப்பவரின் முதல் விசா விண்ணப்பத்திலேயே உங்கள் பெயரைக் காட்டிவிடுங்கள்.

அம்மா கட்டித்தரும் கறித்தூள், கருவாடு எல்லாவற்றையும் வருகை அட்டையில் மறைக்காமல் எழுதுங்கள். பறித்தால் பறிக்கட்டும், அபராதம் அதைவிடக் கசக்கும்.

அப்புறம் தனிமை. அவள் நூலகத்தில் இருக்கும் மாலைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் குறைவென்றாலும் ஆட்களோடு பழகும் வேலையாக எடுங்கள். ஊருக்கு போன் எடுப்பதென்றால், மெல்பேர்ன் நாலரை மணித்தியாலம் முந்தி, கோடையில் ஐந்தரை. இங்கே இரவுச் சாப்பாடு முடிந்து எடுத்தால் அம்மா பின்னேரத் தேத்தண்ணியோடு இருப்பா.