பஷ்கீர் மொழியில் பெயரடை: தமிழ்க் காது செய்யும் தவறுகள்

ரஷ்யாவில் உரால் மலையின் தென்பகுதியில் இருக்கிறது பஷ்கோர்தொஸ்தான் குடியரசு. அதன் தலைநகர் உஃபாவில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன: அகிதெல், கரிதெல். பஷ்கீர் மொழியில் 'அக்' வெள்ளை, 'கரா' கருப்பு, 'இதெல்' பெரிய ஆறு. நம்மூர் வெள்ளாறு மாதிரிதான் அகிதெல். 'கரா' கருப்பு என்பதை நமக்கு யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அகிதெலுக்கு ரஷ்யப் பெயர் 'பேலயா'. அதற்கும் வெள்ளை என்றுதான் பொருள். ஆனால் ஆறு ரஷ்ய மொழியில் பெண்பால் என்பதால் அடைமொழிக்கும் 'அயா' என்று பெண்பால் வால் ஒட்டியிருக்கிறது. பஷ்கீரில் அந்தத் தொல்லையே கிடையாது. 'யஙி கித்தாப்' என்றால் புதிய புத்தகம், 'யஙி கித்தாப்தர்' புதிய புத்தகங்கள், 'யஙி கித்தாப்தர்தன்' புதிய புத்தகங்களிலிருந்து. பன்மையும் வேற்றுமையும் பெயரில் ஏறும், 'யஙி' அப்படியே நிற்கும். 'புதிய' எப்படி நம்மிடம் மாறாதோ அப்படி.

அதனால், ரஷ்யாவிலிருந்து வரும் மாணவர் திணறும் இடத்தில் தமிழர் அலட்டாமல் தாண்டிவிடுவார். அவர் தடுக்கி விழுவது வேறு இடங்களில். இரண்டு மொழியும் பாதி ஒத்துப்போகும், மீதிப் பாதியும் ஒத்துப்போகும் என்று நாமே நினைத்துக்கொள்வோம். அங்கேதான் சிக்கல்.

தவறுகளுக்குப் போகுமுன் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. பஷ்கீர் சிரிலிக் எழுத்தில் எழுதப்படுகிறது. மொத்தம் 42 எழுத்துகள், அவற்றில் 9 ரஷ்ய மொழியில் இல்லாதவை. இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். 'அது' என்பதில் வரும் மெல்லிய த, 'பகல்' என்பதில் வரும் மெல்லிய க, இரண்டும் பஷ்கீரில் தனித்தனி எழுத்துகளாக இருக்கின்றன. ஆகவே 'அகிதெல்' என்று தமிழில் இயல்பாகப் படித்தாலே ஏறக்குறைய சரியாக வந்துவிடும். 'யஙி'யில் நம் ஙகரத்துக்கும் வேலை கிடைக்கிறது. அப்புறம், 'யக்ஷி' என்று எழுதுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அங்கே அதற்கு 'நல்ல' என்று பொருள்.

முதல் தவறு வாக்கியத்தின் முடிவில் வரும். 'நல்ல' என்பது பெயருக்கு முன்னால் மாறாமல் இருந்தாலும், பயனிலையாக வரும்போது நாம் நல்லவன், நல்லவள், நல்லவர்கள், நல்லது என்று பிரித்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் பஷ்கீரிலும் 'நல்லவர்' என்பதற்கு ஏதோ ஒரு விகுதி தேடுவோம். படர்க்கையில் அப்படி எதுவும் வேண்டாம். அவன், அவள், அது, அவர்கள், யாராக இருந்தாலும் வெறும் 'யக்ஷி' போதும். ஆனால் தன்மைக்கும் முன்னிலைக்கும் வால் உண்டு: 'மின் யேஷ்மென்' என்றால் நான் இளம்வயதுக்காரன், 'ஹின் யேஷ்ஹெங்' என்றால் நீ இளம்வயதுக்காரன். பள்ளியில் குறிப்பு வினைமுற்று படித்தவர்களுக்கு 'இளையேன், இளையை' நினைவுக்கு வரும். அதேதான். இன்றைய தமிழில் அந்த வடிவம் போய்விட்டதால், எழுதும்போது 'மென்' விட்டுப்போகிறது.

அடுத்தது, நான் நெடுநாள் விடாமல் செய்த தவறு. அழகு, அழகான, அழகாக என்று மூன்று படி வைத்திருக்கிறோம். பஷ்கீரில் 'மத்துர்' என்றால் அழகான. (மதுரம் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டால் மறக்காது, அதற்கு மேல் உறவு கொண்டாட வேண்டாம்.) சரி, 'அழகாகப் பாடுகிறாள்' என்பதற்கு என்ன? 'மத்துர்' உடன் எதையோ சேர்க்க வேண்டும் என்று நம் கை பரபரக்கும். 'மத்துர் யிர்லய்', அவ்வளவுதான். பெயருக்கு முன்னால் நின்றால் 'ஆன', வினைக்கு முன்னால் நின்றால் 'ஆக'. சொல் ஒன்றே, இடம்தான் வேறு. 'பஷ்கொர்த்ஸா' (பஷ்கீர் மொழியில்) என்பதில் 'ஸா' என்று ஒரு விகுதி இருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டு 'மத்துர்ஸா' என்று சொல்லிப் பார்த்தவன் நான். அது இன்ன மொழியில், இன்னார் முறையில் என்று சொல்வதற்கான விகுதி. கண்ட இடத்தில் ஒட்டாது.

ஒப்பீட்டுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழில் பெயரடைக்கு ஒப்பீட்டு வடிவம் கிடையாது. 'இதைவிடப் பெரியது' என்பதில் 'பெரியது' மாறவே இல்லை. பஷ்கீரில் 'ரக்' அல்லது 'ரேக்' என்ற விகுதி சேரும்: யக்ஷி, யக்ஷிரக், 'தேம்லெ' (சுவையான), தேம்லெரேக். எதைவிட என்பதை நீங்கல் வேற்றுமையில் சொல்வார்கள். 'ஒஃபொ ஸ்தேர்லெத்தமக்தன் தூரிரக்': ஸ்தேர்லெத்தமக் நகரைவிட உஃபா பெரியது. 'தன்' என்பது 'இருந்து' என்ற பொருள் தரும் உருபு. ஸ்தேர்லெத்தமக்கிலிருந்து பார்த்தால் பெரியது என்பதுபோல. நம் பழைய ஐந்தாம் வேற்றுமையும் இப்படித்தான், நீங்கலுக்கும் ஒப்புக்கும் ஒரே 'இன்' உருபு. 'காக்கையிற் கரிது களம்பழம்' என்று இலக்கண வகுப்பில் ஒப்பித்தது இங்கே கைகொடுக்கும்.

இதையே இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: 'ஸ்தேர்லெத்தமக்கா கரகந்தா'. 'கரகந்தா' என்றால் 'பார்க்கும்போது'. நம் 'பார்க்கிலும்' போலவே பார்வையிலிருந்து பிறந்த சொல். ஆகா, அப்படியே நம்மைப் போல என்று மகிழ்ந்து, 'அதைப் பார்க்கிலும்' என்பதுபோல் இரண்டாம் வேற்றுமையைப் போட்டு 'ஸ்தேர்லெத்தமக்தி கரகந்தா' என்று சொன்னால் தவறு. இந்த இடத்தில் நான்காம் வேற்றுமைதான் வரும். அதன் உருபான 'கா'வும் நம் 'கு'வும் காதுக்கு ஒரே மாதிரி கேட்பதால் நினைவில் வைப்பது எளிது.

'ரக்' ஒட்டும்போது நடுவில் வரும் உயிரைக் கவனிக்க வேண்டும். சொல் மெய்யில் முடிந்தால் ஒரு குட்டி உயிர் உள்ளே நுழையும். 'ஒதொன்' (நீளமான) என்பது 'ஒதொனொரக்' ஆகும். முன்னால் ஒகரம் இருப்பதால் பின்னாலும் ஒகரம். இதைப் பார்த்துவிட்டு, உதடு குவியும் எல்லா உயிருக்கும் இதே விதி என்று நினைத்து 'தூர்' (பெரிய) என்பதை 'தூரொரக்' ஆக்குகிறார்கள். 'தூரிரக்' என்பதே சரி. ஊகாரம் தன் பின்னால் ஒகரத்தை இழுத்து வராது. இன்னொன்று, கடைசியில் இருக்கும் வல்லின க் இரண்டு உயிருக்கு நடுவே அகப்பட்டால் மெலிந்துவிடும். 'அக்' என்பது 'அகிரக்' ஆகும், 'பெயெக்' (உயரமான) 'பெயெகெரேக்' ஆகும். அகிதெல் ஆற்றின் பெயரிலும் அதே மெலிவுதான். ஆற்றை நினைவில் வைத்துக்கொண்டால் விதி தானாக வந்துவிடும்.

எதனோடும் ஒப்பிடாமல் 'ரக்' மட்டும் வந்தால் 'கொஞ்சம்' என்று பொருள்படும். 'யிலிரக் கெயென்' என்பது 'கொஞ்சம் கதகதப்பாக உடுத்திக்கொள்' என்று பெரியவர்கள் சொல்வது. பனிக்காலத்தில் அந்த ஊருக்குப் போகிறவர்கள் முதலில் காதில் வாங்க வேண்டிய வாக்கியம் இதுதான் என்பேன். 'இங்' (மிக, எல்லாவற்றிலும்) தனிச்சொல்லாக முன்னால் வரும்: 'இங் மத்துர்'. இங்கையும் ரக்கையும் ஒன்றாகப் போட்டு 'இங் மத்துரிரக்' என்பது, கூரை மேல் கூரை வேய்வது போல.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செக்கச்செவேல், வெள்ளை வெளேர், பச்சைப் பசேல், புத்தம் புதிய என்று நாம் சொல்வதற்கு இணையாக, பஷ்கீரில் சொல்லின் முதல் அசையை எடுத்து, ப் அல்லது ம் சேர்த்து, சொல்லுக்கு முன்னால் வைப்பார்கள். கிப்-கிதில் என்றால் செக்கச்செவேல். அப்-அக் வெள்ளை வெளேர், கப்-கரா கன்னங்கரேல், யேம்-யேஷெல் பச்சைப் பசேல், யப்-யஙி புத்தம் புதிது. பனி பெய்த காலையில் 'அப்-அக் கர்' என்று சொல்வார்கள். இங்கே 'கர்' பனி, 'கரா' கருப்பு. ஓர் ஆகாரம் கூடினால் வெள்ளை கருப்பாகிவிடும், கவனம்!

இதில் மூன்று வழிகளில் சறுக்குகிறோம். ஒன்று, எங்கே ப், எங்கே ம் என்பதை ஊகித்துச் சொல்வது. பச்சைக்கு யேம், நீலத்துக்கு கும்-குக், மஞ்சளுக்கோ ஹப்-ஹரி. செக்கச்செவேல் என்கிறோம், பச்சைக்குப் 'பக்கப்பசேல்' என்கிறோமா? அதுபோல, கேட்டுத்தான் பழக வேண்டும். இரண்டு, எல்லாப் பெயரடைக்கும் இதைச் செய்வது. 'மப்-மத்துர்' என்று யாரும் சொல்வதில்லை, 'பிக் மத்துர்' (ரொம்ப அழகு) என்பார்கள். மூன்று, இரட்டித்த சொல்லுக்கு முன்னால் 'பிக்' சேர்ப்பது. 'ரொம்பச் செக்கச்செவேல்' என்பது நம் காதுக்கே உறுத்துகிறதல்லவா?

எதிர்ப்பக்கமும் உண்டு. இலேசான நிறத்துக்குத் தனி விகுதிகள் இருக்கின்றன: அக்ஹில் என்றால் வெண்மை கலந்தது, கித்கில்த் செம்மை கலந்தது, ஹர்கில்த் மஞ்சள் ஓடியது. எல்லா நிறத்துக்கும் ஒரே விகுதியை ஒட்ட முடியாது.

இல்லை, அல்ல என்ற இரண்டையும் குழப்புகிறவர்கள் நம்மில் அதிகம். பேச்சுத் தமிழில் 'அழகா இல்லை' என்றே எதற்கும் சொல்லிப் பழகிவிட்டோம். பஷ்கீரில் 'யுக்' என்றால் இல்லை, 'துகெல்' என்றால் அல்ல. 'கித்தாப் யுக்', புத்தகம் இல்லை. 'கித்தாப் மத்துர் துகெல்', புத்தகம் அழகானதல்ல. 'மத்துர் யுக்' என்றால் கேட்பவர் என்ன இல்லை என்று விழிப்பார். இது போக, பெயரிலிருந்து பெயரடை ஆக்கும்போது 'உள்ள' என்பதற்கு லி, லெ, லொ. 'இல்லாத' என்பதற்கு ஹித், ஹெத், ஹொத். 'அக்கில்' அறிவு, அக்கில்லி அறிவுள்ள, அக்கில்ஹித் அறிவில்லாத. 'தேம்' சுவை, தேம்லெ, தேம்ஹெத். 'தொத்' உப்பு, தொத்லொ, தொத்ஹொத். சமைத்ததை 'தேம்லெ துகெல்' என்றால் சுவையாக இல்லை என்ற மெல்லிய குறை. 'தேம்ஹெத்' என்றால் சப்பென்று இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்வது. விருந்துக்குப் போன வீட்டில் எதைச் சொல்வது என்று யோசித்துச் சொல்லுங்கள்.

பெயரைப் பெயருக்கு அடையாக வைக்கும்போது வேறொரு குழி. பஷ்கோர்தொஸ்தான் தேனுக்குப் பேர்போனது. புர்ஸ்யான் பகுதிக் காடுகளில் மரப்பொந்துத் தேன் எடுக்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. 'பல்' என்றால் தேன். சுவையான தேன் 'தேம்லெ பல்'. அப்படியானால் பஷ்கீர் தேன் 'பஷ்கொர்த் பல்' தானே? இல்லை, 'பஷ்கொர்த் பலி'. 'பஷ்கொர்த்' பெயரடை அல்ல, பெயர். எனவே பின்னால் வரும் சொல்லில் ஓர் உடைமை உருபு ஏற வேண்டும். மொழியும் அப்படியே, 'பஷ்கொர்த் தெலெ'. நாம் வீட்டுக்கதவு, ஆட்டுப்பால் என்று முன்சொல்லைத் திருத்துவோம், அவர்கள் பின்சொல்லைத் திருத்துகிறார்கள். இதில் பொருளால் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. மரவீடு வெறும் 'அகஸ் ஒய்' தான், உருபு எதுவும் வேண்டாம். 'இன்றைய', 'வீட்டிலுள்ள' போன்றவை நமக்குக் கடினமில்லை: பொகொன்கொ, ஒய்தேகெ.

பக்கத்து மொழியிலிருந்து இரவல் வாங்குவதும் ஒரு தவறுதான். பஷ்கீர் பேசுவோர் ஏறக்குறைய 10 லட்சம் பேர்தான். படிக்கக் கிடைப்பது குறைவு என்று தாத்தார் மொழி நூலையோ துருக்கிய மொழிச் செயலியையோ பிடித்துக்கொள்கிறோம். சொற்கள் ஒன்றுபோலவே இருக்கும், ஒலி மாறும். தாத்தார் மொழியில் மஞ்சளுக்குச் 'சரி' என்று பெயர், பஷ்கீரில் அது 'ஹரி'. அங்கே மத்துர்ரக், இங்கே மத்துரிரக். புரியாமல் போகாது, ஆனால் 'நீங்கள் தாத்தாரா?' என்று கேட்டுவிடுவார்கள்.

கடைசியாகக் கடைத்தெரு. ஆப்பிளுக்கு 'அல்மா' என்று பெயர். சிவப்பும் பச்சையும் குவித்து வைத்திருக்கிறார் ஒரு பாட்டி. சிவப்பைக் கேட்க 'கிதில் பிரெகெத்' என்றால் அரைகுறையாக நிற்கும். பெயரடை பெயராகிவிட்டதால் அதற்கும் உருபு வேண்டும்: 'கிதிலின் பிரெகெத்', இவற்றில் சிவப்பானதைக் கொடுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டுமானால் 'கிதில்தரின்'. பெரியவர்களிடம் 'பிர்' என்று சொல்லிவிடாதீர்கள், அது 'கொடு'.